ஒரே பிள்ளை இரண்டு குழுவில் ஆடலாமா?

12 மே 2024

கோலகங்சாரிலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார்: "என் மகள் சியர்லீடிங் (கரணம் போட்டு, ஆளைத் தூக்கி நிறுத்தி ஆடும் குழு ஆட்டம்) ஆடுகிறாள். போன வாரப் போட்டியில் அவள் குழுவுக்கு மூன்றாவது இடம். முதலாவதாக வந்த குழுவில் நாலு பிள்ளைகள் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் வேறு சட்டை போட்டு வேறு பிரிவில் ஆடிவிட்டு இறங்கினார்கள். இதை யாரும் கேட்க மாட்டீர்களா? ஓர் ஆளுக்கு ஒரு குழு என்று விதி கிடையாதா?"

நான் கேட்கிறேன் அண்ணா. சுங்கை சிப்புட்டில் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) ஏழு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் பள்ளியில் நானே ஆடினேன், பின்னால் நின்று தாங்குகிற பேக் ஸ்பாட்டாக நின்றேன். மேலே ஏறும் பிள்ளை விழுந்தால் முதலில் கை நீட்ட வேண்டியவள் நான்தான்.

விதி இருக்கிறது, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. இரண்டு வேறு கிளப்புக்கு ஒரே ஆள் ஆடுவதைத்தான் பெரும்பாலும் தடுக்கிறார்கள். ஒரே கிளப்பில் இரண்டு குழு இருந்து, அவை வேறு வேறு பிரிவில் இறங்கினால் விட்டுவிடுகிறார்கள். கிராஸ்ஓவர் என்று அதற்குப் பேர். அமெரிக்காவில் பள்ளி சாராமல் போட்டிக்கென்றே நடக்கும் ஆல் ஸ்டார் கிளப்புகளில் வெகுகாலமாக நடப்பது, போட்டி முறையோடு சேர்ந்து இங்கேயும் வந்துவிட்டது.

என்னைக் கேட்டால் நியாயமே இல்லை. மதிப்பெண் தாளில் கரணம் எவ்வளவு கடினம் என்பதை மட்டும் பார்ப்பதில்லை, எத்தனை பேர் போட்டார்கள் என்றும் எண்ணுகிறார்கள். இருபது பேரில் பத்துப் பதினோரு பேர் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்பக்கமாகக் கை ஊன்றிப் போடும் கரணம்) போட்டால் ஒரு படி, பதினைந்து பேர் போட்டால் அதற்கு மேல் படி. நாலு நல்ல பிள்ளைகளை மேல் குழுவிலிருந்து இறக்கினால் அந்தப் படி கைக்கு வந்துவிடும். உங்கள் மகள் குழு வருடம் முழுக்க உழைத்து எட்ட வேண்டிய படி அது. காற்பந்தில் இப்படி விடுவார்களா? ஃபிஃபா விதிப்படி ஒரு பருவத்தில் ஒரு கிளப்தான்.

13 மே

ஃபிஃபா பற்றி நேற்று தப்பாக எழுதிவிட்டேன். தம்பி ஒருவர் திருத்தினார், பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. ஒரு பருவத்தில் ஒரு வீரர் மூன்று கிளப் வரைக்கும் பதிந்துகொள்ளலாம், அதில் இரண்டு கிளப்புக்கு அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு கிளப்பில்தான் பதிவு இருக்க வேண்டும். காலையில் இந்தச் சட்டை, மத்தியானம் அந்தச் சட்டை என்பது அங்கே கிடையாது. நான் சொல்ல வந்தது அந்தக் கடைசி வரியைத்தான்.

15 மே

தைப்பிங் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஓட்டக்காரர் நூறு மீட்டரும் ஓடுகிறார், இருநூறும் ஓடுகிறார், அஞ்சலோட்டமும் ஓடுகிறார். அவரை யாராவது நியாயமில்லை என்று சொல்கிறார்களா? நம்ம மலேசிய ஓட்டக்காரர் ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினாரே, ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வாயா?"

அக்கா, அவர் கோலகங்சாரில் பிறந்தவர், எங்களுக்குப் பக்கத்து ஊர். அவர் பேரை எடுத்தால் நான் என்ன பேசுவது! 100 மீட்டர், 200 மீட்டர், 4x100, மூன்றும் தங்கம். எங்கள் அப்பா இன்றைக்கும் சொல்லுவார்.

இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் சொல்வது பாதி சரி. ஓர் உடம்பு பல போட்டியில் இறங்குவது தானாக அநியாயம் ஆகிவிடாது. இறங்குகிறவர் களைப்பைத் தானே சுமக்கிறார். ஆனால் நூறு மீட்டரில் தரம் கிடையாது அக்கா. எல்லாருக்கும் ஒரே நூறு மீட்டர், ஒரே கோடு. சியர்லீடிங்கில் லெவல் ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் இருக்கிறது. லெவல் நாலு பிள்ளை லெவல் இரண்டில் வந்து நிற்பது, ஆசியப் போட்டி ஓடினவர் பள்ளி விளையாட்டுப் போட்டியில் நீல இல்லத்துக்கு ஓடுகிற மாதிரி. அவர் ஓடலாம், கால் அவருடையது. பக்கத்துக் கோட்டில் நிற்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வோம்?

இதை எழுதிவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சனிக்கிழமை எழுதுகிறேன்.

18 மே

போன வருடம் நானே செய்தேன்.

கணக்கைச் சொன்னால்தான் புரியும். ஒரு ஸ்டண்டுக்கு நாலு பேர் வேண்டும். கீழே தாங்க இரண்டு பேஸ், பின்னால் ஒரு பேக் ஸ்பாட், மேலே ஒரு ஃபிளையர். பன்னிரண்டு பேர் இருந்தால் மூன்று ஸ்டண்ட் தூக்கலாம். பதினோரு பேர் என்றால் இரண்டுதான், மீதி மூன்று பேர் ஓரமாக நின்று கை ஆட்ட வேண்டும். ஓர் ஆள் குறைந்தால் மூன்று பேர் வீணாகிறார்கள். பிரமிட் என்றால் இன்னும் மோசம், நடுவில் ஓட்டை விழுந்துவிடும்.

எங்களிடம் இரண்டு குழு. பெரிய பிள்ளைகள் பதினாறு பேர், லெவல் மூன்று. சின்னவர்கள் பன்னிரண்டு பேர், லெவல் இரண்டு. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சின்னவர்களில் ஒரு பேஸின் அப்பாவுக்கு ஜொகூரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். அழுதுகொண்டே சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது அந்தப் பிள்ளை. பதினோரு பேர் ஆகிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் ஆள் தேடுவது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. என் அம்மா காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் ஒவ்வொரு டிவிஷனிலும் (தோட்டப் பிரிவிலும்) பிள்ளைகள் நிறைந்து கிடப்பார்கள். லயத்து வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் இரண்டு குழு சேர்ந்துவிடும். இப்போது பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை. லயத்தில் இருந்தவர்கள் பட்டணத்துக் குடியிருப்புக்கு வந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். பன்னிரண்டு வயதில், சனிக்கிழமை வரக்கூடிய, வீட்டில் விடக்கூடிய, ஒருத்தியைத் தூக்கத் தோள் வலு உள்ள ஒரு பிள்ளையை மூன்று வாரத்தில் நான் எங்கே போய்த் தேடுவேன்?

பெரிய குழுவில் ஒரு பிள்ளை இருந்தாள். பதினைந்து வயது, அருமையான பேஸ், மேலே நிற்பவளின் குதிகாலைப் பிடித்தால் பிடித்ததுதான். அவளைச் சின்னவர்களோடு சேர்த்தேன். வயதும் பிரிவுக்குள் வந்தது, விதியிலும் தப்பில்லை. இரண்டு குழுவிலும் ஆடினாள். சின்னவர்கள் இரண்டாவது வந்தார்கள்.

அதனால் 12-ஆம் தேதி "நியாயமே இல்லை" என்று எழுதினது பாதி எனக்கே எதிராக எழுதினது. அண்ணா, அந்த நாலு பிள்ளைகளை இறக்கின பயிற்சியாளருக்கும் ஏதாவது ஒரு பன்னிரண்டாவது ஆள் கணக்கு இருந்ததா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பேசிவிட்டேன்.

19 மே

இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்டவர்களுக்கு: பதினோரு நிமிடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு குழுவிலும் ஆடின பிள்ளையின் அம்மா வரிசைத் தாளை வைத்திருக்கிறார், நடுவில் மூன்று குழுதான். ஆட்டம் அதிகபட்சம் இரண்டரை நிமிடம், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் பத்துகூட இருக்காது.

அந்த நேரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மண்டபத்தின் பின்பக்கப் படிக்கட்டில் நான் அந்தப் பிள்ளையின் முதுகு ஸிப்பை இழுக்கிறேன், இன்னொருத்தி சிவப்பு ரிப்பனைக் கழற்றி மஞ்சள் ரிப்பன் கட்டுகிறாள், அவள் ஒரு கையால் தண்ணீர் குடித்துக்கொண்டே இன்னொரு கை மணிக்கட்டைத் தொடையில் தேய்க்கிறாள். மணிக்கட்டில் சுற்றியிருந்த டேப் வியர்வையில் உருண்டு கயிறு மாதிரி ஆகிவிட்டது. புது டேப் சுற்ற நேரமில்லை. "டீச்சர், விடுங்க, போதும்" என்றாள். உள்ளே ஒலிபெருக்கியில் எங்கள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

26 மே

பள்ளி விடுமுறை ஆரம்பித்துவிட்டது, நாளைக்கு இரண்டு வேளையும் பயிற்சி. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். கோலகங்சார் அண்ணன் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, ஒரு வாரமாக அதுவேதான் மனசில் ஓடுகிறது.

சின்னவர்களில் பன்னிரண்டு பேர் என்றேன். உண்மையில் பதின்மூன்று. பதின்மூன்றாவது பிள்ளை மாற்று ஆள். நாலு மாதம் மேட்டுக்கு (ஆடுகிற மெத்தை விரிப்புக்கு) வெளியே நின்று எல்லா எண்ணிக்கையும் கற்றுக்கொண்டாள், ஃபைவ் சிக்ஸ் செவன் எயிட் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, காற்றில் கையை ஏந்தி ஏந்தி இல்லாத ஒரு காலைப் பிடித்துப் பழகினாள். ஜொகூருக்குப் போன பிள்ளையின் இடம் அவளுடையதாக இருந்திருக்க வேண்டும். அவள் மெல்லிய பிள்ளை, தூக்கும்போது இரண்டு தடவை தோள் சரிந்தது. எனக்குப் பயம் வந்தது. மேலே இருப்பவள் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று நினைத்தேன். அது உண்மையான பயம்தான். ஆனால் அதற்குள்ளே கோப்பை ஆசையும் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

போட்டி அன்றைக்கு அவள் மேட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழுச் சட்டை, மஞ்சள் ரிப்பன், முகத்தில் மினுமினுப்பு, எல்லாம் போட்டிருந்தாள். அவள் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் வேனில் வந்து மேலே உட்கார்ந்திருந்தார். மகள் மேட்டில் ஏறவில்லை. ஆட்டம் முடிந்ததும் கீழே வந்து, "நல்லா ஆடுனாங்க டீச்சர்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தைப்பிங் அக்கா, உங்கள் ஓட்டக்காரர் விஷயம் இங்கேதான் இடிக்கிறது. ஒருவர் மூன்று ஓட்டம் ஓடினால் அந்த இடங்களை ஓடியே வாங்குகிறார், யார் முந்தினார்கள் என்று கடிகாரம் சொல்லும். இங்கே கடிகாரம் கிடையாது, இடத்தைக் கொடுப்பது பயிற்சியாளர். ஒருத்திக்கு இரண்டு இடம் கொடுத்தேன் என்றால் இன்னொருத்திக்கு இடமே கொடுக்கவில்லை என்று அர்த்தம். எதிர்க் குழுவுக்கு நியாயமா என்றே எல்லாரும் பேசுகிறோம், சொந்தக் குழுவுக்குள் இருக்கிற பிள்ளைக்கு நியாயமா என்று யாரும் கேட்கிறதில்லை. நானும் போன வருடம் கேட்கவில்லை.

2 ஜூன்

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார், இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லாத கதை.

அப்பா தோட்டத்தில் கோல் கீப்பர். எழுவர் காற்பந்து அப்போது எல்லாத் தோட்டத்திலும் நடக்கும். பரிசு என்றால் ஒரு கோப்பை, ஓர் ஆடு, சில சமயம் ஒரு வானொலிப் பெட்டி. நல்ல ஆட்டக்காரனைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார்களாம், சாப்பாடும் போட்டு ஐந்து வெள்ளியும் கொடுப்பார்களாம். ஒரு மே தினத்தில் காலையில் சொந்த டிவிஷனுக்கு நின்றார். அது ஜெயித்துவிட்டது. மத்தியானம் கீழ் டிவிஷனில் கீப்பருக்குக் கால் பிசகிவிட்டது, மண்டோர் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்) வந்து கெஞ்சிக் கேட்டார், அங்கேயும் நின்றார். அதுவும் ஜெயித்துவிட்டது. அரை இறுதியில் இரண்டும் மோத வேண்டும்.

"அப்புறம் என்னப்பா செஞ்சீங்க?"

"கையுறையக் கழட்டி மண்டோர்கிட்ட குடுத்துட்டு மரத்தடியில போய் உக்காந்துட்டேன். எந்தப் பக்கம் நின்னாலும் மறு பக்கத்து மூஞ்சியப் பாக்க முடியாது."

அம்மா அடுக்களையிலிருந்து, "அந்த ஆடு ரெண்டு டிவிஷனுக்கும் கிடைக்கல, மூணாவது தோட்டத்துக்காரன் கொண்டு போனான்" என்றார்.

ஒரே பிரிவில் ஒரே கிளப்பின் இரண்டு குழுவிலும் ஒரே பிள்ளையை நிறுத்தக்கூடாது என்று நான் சொல்வதற்கு அப்பா உட்கார்ந்த அந்த மரத்தடி போதும். அவள் தன்னோடேயே போட்டி போட முடியாது. இதை விதிப்புத்தகத்தில் எழுதாத போட்டி எதிலும் என் பிள்ளைகளை இறக்க மாட்டேன்.

4 ஜூன்

"இது ஒரு விளையாட்டா, பெண்பிள்ளைகள் குதிப்பதுதானே, இதற்கு ஏன் இத்தனை பேச்சு" என்று கேட்டவருக்கு: 1898-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பையன் கூட்டத்தின் முன்னால் நின்று கத்தியதிலிருந்து தொடங்கியது இது. ஆரம்பத்தில் ஆடியவர்கள் ஆண்கள். அனைத்துலக சியர் சங்கத்துக்கு 2021 ஜூலையில் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் முழு அங்கீகாரம் கொடுத்தது. நாற்பது கிலோ பிள்ளையைத் தலைக்கு மேல் ஒற்றைக் காலில் நிறுத்தி, சிரித்த முகத்தோடு எட்டு எண்ணிக்கை தாங்கிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

9 ஜூன்

கோலாலம்பூரில் பெரிய கிளப் ஒன்றில் சொல்லிக்கொடுக்கும் ஒரு தங்கை நீளமாக எழுதியிருக்கிறார். பேர் வேண்டாம் என்றார். அவர் வாதம்: அவர்கள் கிளப்பில் ஆறு குழு, பிள்ளைகள் தாங்களாகவே இன்னொரு குழுவில் சேரக் கேட்கிறார்கள், கூடுதல் கட்டணமும் கட்டுகிறார்கள், அதிகம் பழகுகிறார்கள், அதனால் நன்றாக ஆடுகிறார்கள். "உழைக்கிறவளை ஏன் தடுக்க வேண்டும்?"

தங்கை, உழைப்பை நான் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் கிராஸ்ஓவரும் என் கிராஸ்ஓவரும் ஒரே வேலையைச் செய்யவில்லை. நான் ஓட்டையை அடைத்தேன். உங்களிடம் ஓட்டை இல்லை, லெவல் இரண்டுக்கு ஆள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களை நிறுத்தி வைத்துவிட்டு லெவல் நாலு பிள்ளையை இறக்குகிறீர்கள். அமெரிக்காவில் இதற்கு சாண்ட்பேக்கிங் என்று ஒரு சொல்லே இருக்கிறது, தரத்தை மறைத்துக் கீழே இறங்குவது. கோலகங்சார் அண்ணன் முதல் நாள் கேட்டது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

சின்ன கிளப்புக்கும் பெரிய கிளப்புக்கும் வித்தியாசம் உண்டு என்பதை அமெரிக்கப் போட்டிக்காரர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். 125 பிள்ளைகளுக்கு மேல் போகாத கிளப்புகளுக்கு டி2 என்று தனிப் பிரிவு வைத்தார்கள். என்னிடம் இருபத்தெட்டுப் பேர். போட்டித் தளம் என்பது 42 அடி நீள மேட் ஒன்பது பட்டை. எங்களிடம் மூன்றுதான் இருக்கிறது, மீதி ஆறையும் பாலாய் ராயா சிமெண்டில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கரணத்தை மேட்டில் முடித்துவிட்டுக் கோட்டுக்கு நடந்து போகிறார்கள்.

அதற்காக எனக்கு மட்டும் தனி விதி கேட்கவில்லை. விதி ஒன்றே இருக்கட்டும், ஆனால் காரணத்தைக் கேட்கிற விதியாக இருக்க வேண்டும். லெவல் இறங்கி ஆடுகிறவள் கரணத்துக்கு எண்ணிக்கை மதிப்பெண் வாங்கித் தரக்கூடாது. தாங்கலாம், தூக்கலாம், வரிசையை நிரப்பலாம். கரணக் கணக்கில் அவளைச் சேர்க்காதீர்கள். இதைச் செய்தாலே பாதிப் பேர் ஆள் இறக்குவதை நிறுத்திவிடுவார்கள்.

10 ஜூன்

நேற்று எழுதினதில் ஒரு திருத்தம். "நான் ஓட்டையை அடைத்தேன்" என்று எழுதினேன். பதின்மூன்றாவது பிள்ளை இருந்தாள் என்று நானே மே 26-இல் எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் ஓட்டை இல்லை. ஆள் இருந்தாள், அவளை நான் நம்பவில்லை. கோலாலம்பூர் தங்கையிடம் இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய காரணத்தைவிட என்னுடையது அவ்வளவு ஒன்றும் உயர்வில்லை.

16 ஜூன்

மணிக்கட்டு பற்றி. இரண்டு குழுவிலும் ஆடினவளுக்குப் போட்டி முடிந்து இரண்டு வாரம் வலி இருந்தது. கிளினிக்கில் பார்த்து, எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஓய்வு கொடுங்கள் என்றார்கள். பயிற்சி நாளில்தான் உடம்பு அதிகம் தேய்கிறது, போட்டி நாளில் அவ்வளவு இல்லை. ஒரு குழுவுக்கு முழு ஆட்டம் மூன்று முறை போட்டால் இரண்டு குழுவில் இருப்பவளுக்கு அது ஆறு. நான் அதை எண்ணவே இல்லை. இப்போது நோட்டில் எழுதுகிறேன், யார் எத்தனை தடவை தூக்கினார்கள் என்று. சாதாரண பள்ளி நோட்டுதான், அறுபது காசு. வேறு பயிற்சியாளர்கள் யாராவது படித்தால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

30 ஜூன்

இத்தனை நாள் பெரியவர்கள் நாமே பேசிக்கொண்டிருக்கிறோம். நேற்று பயிற்சி முடிந்து மேட்டைச் சுருட்டும்போது அவளிடமே கேட்டேன், போன வருடம் இரண்டு குழுவில் ஆடினது கஷ்டமாக இருந்ததா என்று.

"இல்ல டீச்சர், அதுதான் நான் ஆடுனதுலயே ரொம்பப் பிடிச்ச நாள்" என்றாள். பெரிய குழுவில் அவள் எல்லாரிலும் இளையவள், அதட்டுகிற அக்காமார்கள் நடுவில் வாயே திறக்க மாட்டாள். சின்னவர்களிடம் அவள்தான் அக்கா. பின்னல் போட்டுவிட்டாள், பயந்து அழுத ஃபிளையரின் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தாள். அதையெல்லாம் நான் கவனித்திருக்கவே இல்லை, நான் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓர் ஆளுக்கு ஒரு குழு" என்று விதி போட்டால் அவளுக்கு அந்த நாள் கிடைத்திருக்காது. இது என்னை மறுபடி குழப்பிவிட்டது.

பிறகு மெதுவாக இன்னொன்று சொன்னாள். "ஆனா வெளிய நின்ன தங்கச்சிய நான் பாக்கவே இல்ல டீச்சர். அவ பக்கம் திரும்புனா எண்ணிக்கை மறந்துடும்னு பயம்."

பதினைந்து வயதுப் பிள்ளை. அந்த இடம் யாருடையது என்று எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

14 ஜூலை

கோலகங்சார் அண்ணன், உங்கள் மகள் எப்படி இருக்கிறாள்? அடுத்த போட்டிக்குப் பதிந்தாயிற்றா? நீங்கள் கேட்டதற்கு நான் முதல் நாள் சொன்ன பதிலை வைத்துக்கொள்ளாதீர்கள். இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன்: ஒரு பிள்ளை இரண்டு குழுவில் ஆடுவது தப்பில்லை. கீழ் லெவலில் இறங்கிக் கரண மதிப்பெண் வாங்கித் தருவது தப்பு. ஒரே பிரிவில் இரண்டு பக்கமும் நிற்பது தப்பு. உள்ளே பழகிக் காத்திருக்கிறவளைத் தாண்டி இன்னொருத்திக்கு இரண்டாவது இடம் கொடுப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, அதைத் தடுக்க எந்தப் போட்டிக்காரராலும் விதி எழுத முடியாது, பயிற்சியாளர்தான் பார்க்க வேண்டும். உங்கள் மகளை ஜெயித்த குழுவில் இதில் எது நடந்தது என்று பெயர்ப்பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. யார் எந்தக் குழுவில், எந்த லெவலில் என்று ஒரு மாதம் முன்னாலேயே சுவரில் ஒட்டினால் பாதிச் சண்டை வராது.

நான் ஒட்டிவிட்டேன். பாலாய் ராயா கதவில், உள்பக்கம், மழை படாத இடத்தில். பெரியவர்கள் பதினைந்து, சின்னவர்கள் பன்னிரண்டு. கிராஸ்ஓவர் ஒருத்தியும் இல்லை. பெரிய பேஸ் பிள்ளை சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் முன்னால் வந்து சின்னவர்களுக்குப் பின்னல் போட்டுவிடுகிறாள், பிடி சொல்லிக்கொடுக்கிறாள், மேட்டில் ஏறுவதில்லை. அவளாகக் கேட்டது.

பன்னிரண்டாவது பெயர் போன வருடம் போத்தல் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. தோள் இன்னும் சரிகிறது. அதனால் மூன்றாவது ஸ்டண்டை ஒற்றைக் காலில் நிறுத்தாமல் இரண்டு காலில் நிறுத்துகிறேன், மதிப்பெண் குறையும், பரவாயில்லை. அவள் அம்மா நேற்று வேலை முடிந்து நேராக வந்தார், காலில் சேறு, கதவுப் பக்கம் நின்று பட்டியலைப் பார்த்தார். தமிழில் எழுதியிருந்தேன். விரலை வைத்துப் பன்னிரண்டாவது வரி வரைக்கும் வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

யாரிடமாவது பழைய மேட் இருந்தால் சொல்லுங்கள், 42 அடி வேண்டாம், இருபது அடித் துண்டு என்றாலும் போதும். லோரி வாடகை நான் பார்த்துக்கொள்கிறேன்.